திங்கட்கிழமை காலி மிஷின்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு லைன் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, லைன் கடைசியில் தொங்கும் புரொடக்‌ஷன் போர்டைப் பார்க்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் போய் நின்று, எத்தனை மிஷின் ஆளில்லாமல் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை துவைத்து, சமைத்து, பிள்ளைகளோடு இருந்தாயிற்று. திங்கள் காலையில், 'இன்றைக்கு அங்கே போகத்தான் வேண்டுமா' என்று ஒரு பெண் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். ஒரே கம்பெனி, ஒரே கூலி, ஒரே கூரை. ஆனாலும் மூன்றாவது லைனில் எல்லா மிஷினும் ஓடும். நான்காவது லைனில் ஐந்தாறு காலியாக இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே என் தொழிலாகிவிட்டது.

கைமடியாக உள்ளே வந்தவள் நான். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுப்பதும், தைத்து வந்ததை வாங்கி அடுக்குவதும்தான் கைமடி வேலை. பிறகு ஓவர்லாக் டெய்லர், அப்புறம் லைன் சூப்பர்வைசர். இப்போது புது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இடையில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் படித்தேன். புத்தகத்தில் இருந்ததை லைனில் வைத்துப் பார்த்தேன். லைனில் கண்டதைப் புத்தகத்தில் தேடினேன். இரண்டும் சேர்ந்து எனக்குச் சொன்னது இது: வேலைக்கு வருகிறவருக்கு நாம் ஊக்கத்தை ஊட்ட வேண்டியதில்லை. அதோடுதான் அவர் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறார். முதல் நாள் மிஷினில் உட்காரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூன்று மாதத்தில் அந்த முகம் எப்படி மாறுகிறது, எந்தெந்தக் கை அதை மாற்றுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

முதலில் காசைப் பேசிவிடுகிறேன். மனசைப் பற்றிப் பேச வருகிற பலர் காசைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1984-இல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறினால் அதற்கேற்பக் கூலியும் ஏற வேண்டும் என்ற ஒரு கணக்குக்காக நான்கு மாதத்துக்கு மேல் வருமானமில்லாமல் நின்றார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, பணம் பெரிதில்லை மனநிறைவுதான் பெரிது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சாட்சியாகச் சிலர் கொண்டு வருவார்கள். கூலியும் வேலைச் சூழலும் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே உற்சாகம் வந்துவிடாது. உற்சாகம் சாதித்த நிறைவிலிருந்தும் பாராட்டிலிருந்தும் செய்யும் வேலையின் தன்மையிலிருந்தும்தான் வரும் என்றார் அவர். அவர் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பக்கத்து இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும். வாடகையும் குழு லோன் தவணையும் ஒரே வாரத்தில் விழுகிற ஒரு டெய்லரை அவர் கேட்டிருந்தால் பதில் வேறு வரிசையில் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு கூலி என்பதைப் போலவே எப்போது கூலி என்பதும் மனசைப் பிடித்து ஆட்டும். ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் கூலித் தொழிலாளர்களிடம் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஓர் ஆய்வு செய்தார்கள். வேலை குறைந்த மாதங்கள், கையில் காசில்லாத நேரம். சிலருக்குச் சம்பாதித்த கூலியில் பெரும்பங்கை முன்கூட்டியே கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கடைசியில். மொத்தக் கூலியில் மாற்றமில்லை. முன்பே பணம் வாங்கியவர்கள் மணிக்கு அதிகத் தட்டு தைத்தார்கள். கவனக்குறைவால் வரும் தப்புகளும் குறைந்தன. கையில் மிகக் குறைவாக வைத்திருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஃபிளாட்லாக் டெய்லர் ஞாபகம் வந்தார். டி-ஷர்ட்டின் கீழ் மடிப்புத் தைப்பவர். கண்ணை மூடிக்கொண்டு தைத்தாலும் மடிப்பின் அகலம் ஒரு நூல் மாறாது. ஒரு புதன்கிழமை அவர் பண்டலில் மடிப்பு ஓர் ஓரத்தில் விரிந்தும் மறு ஓரத்தில் சுருங்கியும் வந்தது. செக்கிங்கிலிருந்து ஆல்ட்டர் பீஸ், அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க வேண்டியவை, கூடை கூடையாகத் திரும்பியது. மிஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஃபோல்டரை மாற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மிஷின்ல ஒண்ணுமில்லைங்கக்கா. சனிக்கிழமை பாதிச் சம்பளந்தான் வந்துச்சு. இன்னிக்கு குழுப் பணம் கட்டோணும். என்னாலதான் இன்னிக்கு எல்லாரும் ஒக்காந்திருப்பாங்க" என்றார். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கடனின் முறை. எட்டு மணி நேரமும் அவர் கண் துணியில் இருந்தது. நினைப்பு குழுப் பெண்கள் உட்கார்ந்திருக்கப்போகும் திண்ணையில் இருந்தது. கவனமாகத் தையுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. மீதிச் சம்பளத்தை அன்று சாயங்காலமே வாங்கிக் கொடுத்தோம். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போவதாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் லைனில் சொல்லிவிட வேண்டும் என்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

அடுத்தது ஸ்டைல் மாறும் நாள். பனியன் கம்பெனியில் மனசு அதிகம் உடைகிற நாள் அதுதான். ரவுண்ட் நெக் தைத்துக் கை ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு இத்தனை என்று ஒரு தாளம் வந்திருக்கும். மறுநாள் காலை போலோ டி-ஷர்ட் வந்து இறங்கும். காலர், பட்டன் பட்டி, பக்கவாட்டுத் திறப்பு என்று எல்லாமே புதிது. பத்து மணிக்கு ஐ.இ. ஆள், அதாவது தையல் நேரத்தைக் கணக்கிடும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர், போர்டில் டார்கெட் எழுதுவார். பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் கத்துவார். நேற்று வரை கெட்டிக்காரியாக இருந்தவள் இன்று மந்தமானவளாகிவிடுவாள். அதே கை, அதே ஆள்.

இதையே 1940-களில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மரியன் என்ற சிற்றூரில், ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனியில் ஆராய்ந்தார்கள். லெஸ்டர் காச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் 1948-இல் வெளியிட்ட கட்டுரை அது. துணித் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு என்பேன். அயர்ன் செய்கிற ஒரு குழு, முடித்த பைஜாமாக்களை அட்டைமேல் அடுக்கிக்கொண்டிருந்தது. இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். மேலிடத்தில் முடிவு செய்து, கூட்டம் போட்டு, இதுதான் புது ரேட் என்று அறிவித்தார்கள். வேலை படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. முதல் நாற்பது நாளில் அந்தக் குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். வேறு குழுக்களில் என்ன மாற வேண்டும், ஏன் மாற வேண்டும் என்று சொல்லி, எப்படி மாற்றலாம் என்று தொழிலாளர்களையே கூட்டி உட்காரவைத்துத் தீர்மானித்தார்கள். அங்கே வேலை சீக்கிரமே பழைய அளவுக்கு ஏறி, அதையும் தாண்டியது, யாரும் விடவில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களைச் சில மாதம் கழித்துச் சேர்த்து, இந்த முறை அவர்களையும் கேட்டு வேறு வேலைக்கு மாற்றினார்கள். அடம்பிடிப்பவர்கள் என்று பெயரெடுத்த அதே ஆட்கள் அந்த வேலையில் மளமளவென்று ஏறி வந்தார்கள்.

எங்கள் லைனில் இதைச் செய்ய மேனேஜரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு. வேலை முடிந்தபின் நிறுத்திவைத்துக் கேட்டால் அது கேட்பதாகாது. போலோ சாம்பிளைச் செக்கிங் டேபிளில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்து, எல்லாரும் தொட்டுப் பாருங்கள் என்றேன். பட்டி தைக்கும் மூத்த டெய்லர் சாம்பிளை வாங்கியதும் முதலில் உள்புறம் திருப்பினார். வெளியே அழகாகத் தெரிவது அவருக்குப் பொருட்டில்லை. தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது உள்ளேதான் இருக்கிறது. பெருவிரல் நகத்தைப் பட்டியின் நடுவில் வைத்து அளந்தார். "ஏனுங்கக்கா, இந்த நடு மார்க்கை நாங்க சாக்பீஸ்ல போட்டுப் போட்டு ஒவ்வொண்ணா வெட்டோணும். கட்டிங்லயே நாட்ச் போட்டுக் குடுத்துட்டாங்கன்னா கை நிக்காதுங்க" என்றார். நாட்ச் என்றால் துணி ஓரத்தில் அடையாளத்துக்குப் போடும் சின்ன வெட்டு. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஐ.இ. தாளில் அது இல்லை. கேட்காமல் இருந்திருந்தால் அவரும் சொல்லியிருக்கமாட்டார், ஒவ்வொரு பீஸுக்கும் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். காலரையும் உடம்பையும் ஒரே பண்டலில் கட்டி அனுப்பினால் சைஸ் மாறாது என்றாள் ஒரு கைமடிப் பெண். முதல் நாள் எத்தனை முடியும், இரண்டாம் நாள் எத்தனை, மூன்றாம் நாள் எத்தனை என்று அவர்களே சொன்னார்கள். போர்டில் அதைத்தான் எழுதினோம். ஐ.இ. கணக்கைவிட முதல் இரண்டு நாள் குறைவு. ஆனால் வழக்கமாக ஸ்டைல் மாறிய வாரத்தில் செக்கிங் டேபிளுக்கடியில் குவியும் ஆல்ட்டர் மூட்டைகள் அந்த வாரம் குவியவில்லை. அடுத்த திங்களன்று லைன் நிரம்பியிருந்தது.

பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு உடைந்த ஊசியைப் போல நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏற்றுமதி ஆர்டரில், முக்கியமாகக் குழந்தைத் துணியில், தைக்கும்போது ஊசி உடைந்தால் மிஷினை உடனே நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு தாளில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதியும் மிஷின் நம்பரும் எழுதிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். துண்டுகள் சேர்ந்து முழு ஊசியானால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் கீழே கிடக்கும் நூல்தூசு, கையிலிருக்கும் பீஸ், பக்கத்துப் பண்டல் எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். சரியான முறைதான். எங்கோ ஒரு குழந்தையின் தோளில் குத்தக்கூடிய முனை அது. ஆனால் இந்த முறை ஓடுவது ஒரே ஒரு நொடியை நம்பி: ஊசி உடைந்ததும் டெய்லர் கையைத் தூக்குகிறாரா, இல்லையா.

ஒரு கம்பெனியில் கை தூக்கினால் முதலில் வரும் வார்த்தை, "எத்தனை ஊசிதான் ஒடைப்பே?" அங்கே பதிவேடு மாதக்கணக்கில் சுத்தமாக இருந்தது. டெய்லர்கள் பர்ஸுக்குள் கடையில் வாங்கிய சொந்த ஊசி வைத்திருந்தார்கள். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். முனை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பதிவேட்டைப் பார்த்த ஆடிட்டர் பாராட்டிவிட்டுப் போனார்.

நான் பயிற்சி கொடுக்கும் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வழக்கத்தைப் பிடிவாதமாகப் பழக்குகிறேன். ஊசி உடைந்தது என்று கை தூக்கினால் முதல் வார்த்தை, "கையில படலையே கண்ணு?" ஊசி விரலில் ஏறுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது. நகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் உடையும். ஆகவே அந்தக் கேள்வி நடிப்பில்லை, நிஜமாகவே முதலில் கேட்க வேண்டியது அதுதான். பிறகு இருவரும் சேர்ந்து முனையைத் தேடுவது. இதைத் தொடங்கியதும் பதிவேட்டில் உடைந்த ஊசிகளின் கணக்கு ஏறியது. மேனேஜருக்குக் கவலை வந்தது. அவருக்கு ஏமி எட்மண்ட்சனின் ஆய்வைச் சொன்னேன். 1990-களில் ஆஸ்பத்திரிப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் வரும் தவறுகளை அவர் கணக்கெடுத்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே நர்சுகள் பயப்படாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதுதான் காரணம் என்று பிறகு தெளிந்தது. மேனேஜர் கேட்டுக்கொண்டு பேசாமல் போனார். மறுநாள் லைனில் ஒருவர் கை தூக்கியபோது அவரே முதலில் போய்க் குனிந்து முனையைத் தேடினார்.

டாய்லெட் டோக்கனைப் பற்றி எழுதாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. பல கம்பெனிகளில் லைனுக்கு இரண்டு டோக்கன். ஆணியில் மாட்டியிருக்கும். ஆணி காலியாக இருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புதிதாக ஒரு கம்பெனிக்குப் போனால் நான் சாயங்காலம் மிஷின்களுக்குக் கீழே பார்ப்பேன். காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்திருந்தால் அந்த லைனின் கதை தெரிந்துவிடும். போக வேண்டி வரும் என்று பயந்து, மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக லீவு போடுகிறார்கள். லீவு போட்டதற்குத் திட்டும் விழுகிறது. வளர்ந்த, பிள்ளை பெற்ற ஒரு பெண் சிறுநீர் கழிக்க இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பது அவமானம். அந்த அவமானத்தோடு யாரும் வேலையில் மனசு வைக்கமாட்டார்கள்.

ராபர்ட் கரசெக் 1979-இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். வேலைப் பளு மட்டும் ஒருவரை உருக்குலைப்பதில்லை. பளு அதிகமாகவும், தன் வேலையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனம் அதிகம் நொறுங்குகிறது என்று அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவுகளை வைத்துக் காட்டினார். லண்டன் அரசு ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் குழுவினர் நடத்திய வைட்ஹால் ஆய்வுகளும் இதே பக்கம் கை காட்டின. பதவி இறங்க இறங்க இதய நோய் ஏறியது; வேலையில் தன் கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. டோக்கனை எடுத்துவிட்டு, எல்லா மிஷினும் தெரிந்த ஒரு ஃப்ளோட்டர் டெய்லரை லைனில் வைத்தோம். எழுந்து போகிறவர் இடத்தில் அவர் உட்காருவார். லைன் நின்றுபோகும் என்று பயந்தார்கள், நிற்கவில்லை. ஃப்ளோட்டர் வேலைக்குப் போட்டியே வந்தது. ஐந்து மிஷின் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? ஓவர்லாக் மட்டும் தெரிந்தவள் ஃபிளாட்லாக்கும் கற்றுக்கொண்ட நாளில் அவள் நடையே மாறிவிடும். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் ஃபிளாட்லாக்கில் நூல் கோக்கும் வழியைத் தமிழில் எண்ணிச் சொல்லிக்கொண்டே கோத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஊரில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு அந்த மிஷினைக் காட்டினாள்.

பரிசுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. மாதச் சிறந்த டெய்லர் என்று சுவரில் போட்டோ ஒட்டுவார்கள். சுலபமான ஆப்பரேஷன் தைப்பவருக்கு எண்ணிக்கை ஏறும். காலர் வைப்பவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் ஏறாது. எல்லாருக்கும் அது தெரியும். ஒடிசாவில் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷாம்தசானி மூவரும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சக தொழிலாளிக்கு அதிகக் கூலி என்று தெரிந்ததும், காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலையும் குறைந்தது, வருகையும் குறைந்தது. தங்கள் கூலியை இழந்தும் வராமல் இருந்தார்கள். அதிகக் கூலி வாங்குபவர் நிஜமாகவே அதிகம் செய்கிறார் என்று கண்கூடாகத் தெரிந்த இடத்தில் அந்தச் சேதம் இல்லை. போட்டோவுக்குப் பதில் நாங்கள் ஒரு பட்டியல் ஒட்டினோம். எந்த மிஷின், எந்த ஆப்பரேஷன் தெரிந்தால் எந்த கிரேடு, அதற்கு எவ்வளவு கூலி என்று. அதற்குக் கீழே எப்போதும் இரண்டு பேராவது நின்று படித்துக்கொண்டிருப்பார்கள்.

சூப்பர்வைசர்களைத் திட்டி எழுதுவது சுலபம். நான் அந்த நாற்காலியில் இருந்தவள். லைனில் எல்லாரையும்விடத் தனியாக நிற்பது அவர்தான். நேற்று வரை பக்கத்து மிஷினில் டீ பங்கிட்டுக் குடித்தவளைப் பார்த்து இன்று கத்த வேண்டும். கத்தாத சூப்பர்வைசர் வேலை செய்யவில்லை என்று மேலே நினைக்கிறார்கள். ஆகவே மேனேஜர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் குரல் தானாக உயரும். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-இல் எழுதிய புத்தகத்தில் விமானப் பணிப்பெண்களின் சிரிப்பைப் பற்றிச் சொன்னதைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே புத்தகத்தில் கடன் வசூலிக்கும் ஊழியர்களையும் அவர் காட்டுகிறார். அவர்களிடம் வேலை கேட்பது கடுமையை. இல்லாத கோபத்தை வரவழைத்துக்கொள்வதும் உழைப்புதான். அது ஆளைத் தின்கிறது. ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளை மேல் கத்திவிட்டு அழுத சூப்பர்வைசர் பெண்களை எனக்குத் தெரியும். அதனால் பயிற்சியை நான் சூப்பர்வைசரோடு நிறுத்துவதில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் லைனுக்கு நடுவில் நின்று சூப்பர்வைசரைத் திட்டக்கூடாது, சொல்ல வேண்டியதை ஆபீஸ் அறையில் சொல்ல வேண்டும் என்பது நான் ஒரு கம்பெனிக்குள் போகும்போது கேட்கும் முதல் நிபந்தனை. மேலே கத்தல் நின்றால் கீழே தானாகக் குறைகிறது.

யோசனைப் பெட்டி எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, பெரும்பாலும் கேமராவுக்கு நேர் கீழே. திறந்து பார்த்தால் தூசு. பெங்களூர்ப் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் 2016-இல் ஒரு கூலி உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. ஆய்வாளர்கள் ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும், பெயர் கேட்காமல், கூலி, வேலை, சூப்பர்வைசர் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். கேட்டதற்கே இவ்வளவு பலன் என்று முதலாளிகள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு இதில் பயமும் உண்டு. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் அடுத்த வருடம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். இராப்பகலாக ஓவர்டைம் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பும் தன்னம்பிக்கைப் பேச்சும் வைப்பதை நான் எதிர்ப்பதும் லைனில் ஒன்றும் மாறாததால்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச் சோர்வை நோய்ப் பட்டியலில் விவரித்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. மருந்தைக் கொடுக்க வேண்டிய இடம் லைன். தொழிலாளியின் மூச்சுப் பயிற்சியை வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்க ஆர்டர். கட்டிங் டேபிள்கள் காலியாகத் தொடங்கின. யாரை எடுப்பார்கள் என்ற பேச்சு கேன்டீனில் ஓடியது. அந்த நாட்களில் ஆல்ட்டர் ஏறியது, சண்டை ஏறியது. மேனேஜ்மென்ட் உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றது. உறுதியாகத் தெரியும் வரை இவர்கள் தூங்கமாட்டார்கள், இப்போது தெரிந்ததை இப்போது சொல்லுங்கள் என்று நான் நின்றேன். கடைசியில் முதலாளியே லைனுக்கு வந்து, கையில் எத்தனை வாரத்துக்கு ஆர்டர் இருக்கிறது என்று எண்ணோடு சொன்னார்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஓர் அயர்ன் மாஸ்டர் கேட்டார்: "ஏனுங்க, ஆளை எடுக்கறதுக்குப் பதிலா நாளைக் கொறச்சா எல்லாருக்கும் வருமில்லைங்களா?" அன்று சாயங்காலம் வரை பேசினார்கள். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு நாள் குறைக்கக் கூடாது என்று டெய்லர்களே சொன்னார்கள். மற்றவர்களுக்கு வாரத்துக்கு நான்கு நாள் என்று முடிவானது. வடநாட்டுப் பையன்கள் சிலர், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அப்படியே இருந்துவிடுகிறோம், எங்கள் நாளை மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். அப்படிப் போனவர்களின் பெயர், மிஷின், கிரேடு, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆர்டர் வந்ததும் முதல் அழைப்பு இவர்களுக்கு, கிரேடு மாறாது என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.